வீட்டுல லேத் வெச்சு மரம் கடையறவங்களுக்கு: சுவிட்ச் போடறதுக்கு முன்னாடியே பாதி வேலை

லேத் வாங்கி கொஞ்ச நாள் ஆனவங்க கேக்கறது பெரும்பாலும் இதுதான், உளி திடீர்னு மாட்டி இழுக்குது, நார் நாரா பிய்யுது, எவ்வளவு தேச்சாலும் கோடு போகல, கை இன்னும் பழகலையோ அப்படின்னு. கை பழகணும்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் பாத்த வரைக்கும் இந்தத் தொல்லைல முக்கால்வாசி கைல இல்ல, உளியோட கூர்லயும், மரத்தைப் பிடிச்சிருக்கற விதத்துலயும், சுத்தற வேகத்துலயும்தான் இருக்கு. இந்த மூணும் சரியா இருந்தா நேத்து ஆரம்பிச்சவங்க கூட சுத்தமா சீவலாம். ஒண்ணு தப்பா இருந்தாலும் அனுபவசாலி கூட திணறித்தான் போவாரு. அதனால உளியை எப்படிப் பிடிக்கணும்ங்கறதை விட, அதுக்கு முன்னாடி பட்டறைல பாத்து வைக்க வேண்டியதுதான் இதுல அதிகமா இருக்கும்.

முகமும் மூச்சும்

சாதாரண கண்ணாடி போதாது. முகம் முழுக்க மூடற ஃபேஸ் ஷீல்டு போடுங்க, அதுலயும் இசட் 87 பிளஸ்னு முத்திரை இருக்கறதா பாத்து வாங்குங்க, அது வேகமா வந்து மோதறதைத் தாங்கும்னு சோதிச்சதுக்கு அடையாளம். கிண்ணம் மாதிரி பெரிய கட்டை உடைஞ்சு வந்தா அது கண்ணை மட்டும் குறி பார்த்து வராது, தாடை நெத்தி எங்க வேணா அடிக்கும்.

தூள் விஷயத்துல நிறைய பேரு அலட்சியமா இருக்காங்க, எனக்கு இது உண்மையிலேயே கவலை. மரத்தூளை புத்துநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லயே சேர்த்துடுச்சு. கண்ணுக்குத் தெரிஞ்சு தரைல விழற சுருள் பிரச்சனை இல்ல, தேய்க்கும்போது வெளிச்சத்துல மிதக்குதே அந்த மெல்லிசு தூள்தான் நுரையீரல் வரைக்கும் போகும். தேய்க்கற நேரம் பூரா என்95 மாஸ்க்காவது இருக்கணும், லேத்தை நிறுத்தின உடனே கழட்டிடாதீங்க, தூள் காத்துல ரொம்ப நேரம் நிக்கும். ஈட்டி, கோகோபோலோ மாதிரி மரங்கள் சிலருக்கு தோல்ல அரிப்பு, மூச்சுத் திணறல் எல்லாம் கொண்டு வரும், அதுவும் முதல் தடவை ஒண்ணும் ஆகாம பல தடவை கடைஞ்ச அப்புறம் திடீர்னு ஆரம்பிக்கும். அரளிக் கட்டையைக் கடையவே வேண்டாம், மரம் முழுக்க விஷம்.

கையுறை, மோதிரம், தொங்கற செயின், நீளக் கை சட்டை எதுவும் கூடாது. நீளமா முடி இருந்தா இறுக்கிக் கட்டிக்கோங்க.

லேத் நிக்கற இடம்

சுழல்ற அச்சு உங்க முழங்கை உயரத்துக்கு வரணும், நேரா நின்னு கையை மடக்கிப் பாத்தா தெரியும். அதை விட தாழ்வா இருந்தா குனிஞ்சே கடைஞ்சு முதுகு போயிடும், குனிஞ்சா உளியும் உடம்போட சேர்ந்து நகராது, கை மட்டும் தனியா ஆடும், அந்த ஆட்டம் மரத்துல அலை அலையா தெரியும். ஸ்டாண்டு அடியில ஒரு தட்டு அடிச்சு மணல் மூட்டை வைங்க, அதிர்வு குறையறதை முதல் நாளே உணர்வீங்க.

லைட் மேல இருந்து மட்டும் விழுந்தா பத்தாது. காந்தம் வெச்ச சின்ன எல்இடி லைட் ஒண்ணை பக்கவாட்டுல, மரத்தோட மேற்பரப்பை உரசிட்டு போற மாதிரி வைங்க. நேர் வெளிச்சத்துல வழவழன்னு தெரியற இடம் இந்தப் பக்க வெளிச்சத்துல வரி வரியா காட்டிக்கொடுத்துடும்.

இன்னொரு சின்ன வேலை, இதை யாரும் சொல்லித்தர்றதே இல்ல: உளியை ஊனி வைக்கற தாங்கி, அதாவது டூல் ரெஸ்ட், அதோட மேல் விளிம்பை விரல் நகத்தால இப்படி அப்படி தடவிப் பாருங்க. உளி குத்தி குத்தி சின்னச் சின்ன பள்ளம் இருக்கும். உளியை வழுக்கிக்கிட்டே போகும்போது அந்தப் பள்ளத்துல ஒரு கணம் தட்டும், அந்தத் தட்டல் அப்படியே மரத்துல ஒரு கோடா வந்துடும், நீங்க கை நடுங்குதுன்னு நினைச்சுப்பீங்க. ஒரு சமமான அரத்தை எடுத்து விளிம்பு நெடுக நாலு இழுப்பு இழுத்து, உப்புத்தாள் போட்டு வழிச்சு, மெழுகுவத்தி தேச்சு விட்டுடுங்க. உளி வெண்ணெயா வழுக்கும். லேத் படுக்கைக்கும் அதே மெழுகு தேச்சா, கட்டையோட மறுமுனைக்கு முட்டுக் குடுக்கற டெயில்ஸ்டாக் லேசா நகரும், துருவும் பிடிக்காது.

கூர்தான் எல்லாமே

கடைசல் உளியோட கூர் மத்த தச்சு உளி மாதிரி நாள் கணக்குல நிக்காது. ஒரு நிமிஷத்துல அது சீவற மரத்தோட நீளத்தை யோசிச்சுப் பாருங்க, 10 இஞ்ச் விட்டக் கட்டை 800 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 800 சுத்து சுத்தினா ஒரு நிமிஷத்துக்கு 600 மீட்டருக்கு மேல மரம் உளியைத் தாண்டிப் போகுது. அதனால ஒரு கிண்ணத்துக்குள்ளயே ரெண்டு மூணு தடவை சாணை பிடிக்கறது சாதாரணம். தேக்குல மணல் சத்து அதாவது சிலிக்கா இருக்கறதால இன்னும் சீக்கிரம் மழுங்கும்.

மழுங்கிடுச்சுன்னு எப்படித் தெரியும்? உளியோட முனையை லைட்டுக்கு நேரா காட்டி, கூர் உங்களைப் பாக்கற மாதிரி பிடிங்க. நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது. எங்கயாவது ஒரு வெள்ளைப் புள்ளியோ மெல்லிசு கோடோ மினுக்குனா அங்க மழுங்கியிருக்கு. சீவும்போதும் தெரியும், நீளச் சுருளா வந்துட்டிருந்தது தூளா மாறும், உங்களுக்கே தெரியாம உளியை அழுத்த ஆரம்பிச்சிருப்பீங்க. அழுத்தறோம்னு தோணின உடனே நிறுத்திட்டு சாணை பிடிக்கற கிரைண்டர் பக்கம் போயிடுங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேரு இன்னும் ஒரு சீவல் மட்டும்னு இழுத்துட்டே போவாங்க, நார் பிய்யறது அந்தக் கடைசி சீவல்லதான்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஒவ்வொரு தடவையும் அதே கோணம். கோணம் மாறினா ஒவ்வொரு தடவையும் உளிக்குப் புது வடிவம் குடுத்து நிறைய இரும்பைத் தேய்ச்சு வீணாக்குவீங்க, கையும் ஒவ்வொரு தடவை புதுசா பழகணும். அதே கோணம் வந்தா ரெண்டு மூணு செகண்டு லேசா தொட்டாலே கூர் வந்துடும், உளி வருஷக்கணக்குல உழைக்கும். கையாலேயே பிடிச்சு சாணை பிடிக்கறவங்க இருக்காங்க, மதிக்கிறேன், ஆனா பொழுதுபோக்கா வாரத்துல ஒரு நாள் கடையறவங்களுக்கு, உளியை ஒரே கோணத்துல பிடிச்சு வைக்கற ஜிக் இல்லாம அது நிலையா வராது. ஜிக் வாங்குங்க, அப்புறம் இந்த வேலையைப் பண்ணுங்க: ஒரு துண்டு மரத்துல ஒரு தடுப்புக்கட்டை ஒட்டி, உளி ஜிக்குல இருந்து எவ்வளவு வெளிய நீட்டணும்ங்கற அளவை நிரந்தரமா வெச்சுக்கோங்க. உளியை ஜிக்குல சொருகி, முனை தடுப்புல இடிக்கற வரைக்கும் தள்ளி, முறுக்கினா வேலை முடிஞ்சது. கிரைண்டர் கல்லுக்கும் ஜிக் உக்கார்ற தாங்கிக்கும் இருக்கற தூரத்துக்கு இன்னொரு மரத்துண்டு. ஒவ்வொண்ணு மேலயும் எந்த உளிக்குன்னு மார்க்கர்ல எழுதி கிரைண்டர் பக்கத்துலயே தொங்க விடுங்க.

இப்ப அந்த மார்க்கரையே எடுத்து இன்னொண்ணு பண்ணலாம். உளியோட சாய்வு முகம் பூரா கறுப்பு மார்க்கர் பூசிடுங்க. கிரைண்டரை ஆன் பண்ணாம, கல்லை கையால சுத்திக்கிட்டே உளியை லேசா ஒரு தடவை தொட விட்டு எடுத்துப் பாருங்க. கறுப்பு எங்க போயிருக்குன்னு பாத்தா எல்லாம் புரியும். குதிகால் பக்கம், அதாவது சாய்வு முகத்துல கூருக்கு எதிர் விளிம்புல மட்டும் போயிருந்தா கோணம் குறைவா இருக்கு, கூர் பக்கம் மட்டும் போயிருந்தா கோணம் அதிகம், மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா கறுப்பு போயிருந்தா சரியா உக்காந்திருக்கு, இப்ப சுவிட்ச் போடலாம். ஒரு நிமிஷம் கூட ஆகாத வேலை.

கோணம் எவ்வளவுன்னா, கிண்ணம் கடையற குழிவான உளி, பௌல் கௌஜுக்கு 40-ல இருந்து 60 டிகிரி வரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு வைப்பாங்க, 55 பக்கம் ஆரம்பிக்கலாம். நீளக் கட்டை கடையற ஸ்பிண்டில் கௌஜ் 35-ல இருந்து 45. சுரண்டற உளி ஸ்க்ரேப்பர் 70-80. எந்த நம்பரா இருந்தாலும் ஒண்ணை எடுத்துட்டு அதையே வெச்சிருங்க.

கிரைண்டர் மெதுவா சுத்தற வகையா இருந்தா நல்லது, 8 இஞ்ச் கல், 1,400-1,800 ஆர்பிஎம் சுத்தறது. சாம்பல் கலர் கல் கூடவே வரும், அதைக் கழட்டிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு கல் போடுங்க, 80 கிரிட் சொரசொரப்பு போதும். வசதி இருந்தா சிபிஎன்னு சொல்ற போரான் நைட்ரைடு பூசின சக்கரம், அது தேயவே தேயாத மாதிரி உழைக்கும், வட்டம் மாறாது, கல் முகத்தைச் சீவி சமமாக்கற டிரெஸ்ஸிங் தேவையில்ல. ஆனா அதுல எச்எஸ்எஸ், அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல் உளியை மட்டும்தான் பிடிக்கணும், அலுமினியம் பித்தளை மாதிரி மெத்து உலோகத்தைத் தேச்சா சக்கரம் அடைச்சுக்கும். எச்எஸ்எஸ் உளி நுனி கொஞ்சம் நீலமானா பதறாதீங்க, அந்த எஃகு செக்கச்செவேல்னு ஆகற சூடு வரைக்கும் பதத்தை விடாது. பழைய கார்பன் எஃகு உளின்னா அப்படி இல்ல, நீலம் ஆனாலே அந்த இடம் பதம் போச்சு. எச்எஸ்எஸ்ஸை சூட்டோட தண்ணில முக்காதீங்க, கூர்ல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், காத்துலயே ஆற விடுங்க.

ஸ்க்ரேப்பர்ல கூர்ங்கறதே வேற. சாணை பிடிச்ச அப்புறம் மேல் விளிம்புல ஒரு பிசிர் எழும்பும், விரலை மேல இருந்து வெளிப்பக்கமா லேசா தடவினா கொக்கி மாதிரி தட்டும். சீவறது அந்தப் பிசிர்தான். அது போயிட்டா ஸ்க்ரேப்பர் வெறுமனே தேய்க்கும், அதனால அடிக்கடி கல்லுக்குப் போகணும்.

கார்பைடு நுனி உளி பத்தியும் கேப்பாங்க. சாணை பிடிக்கவே வேண்டாம், நுனியைத் திருப்பிப் போட்டா புதுக் கூர், ஆரம்பத்துல பயம் போக நல்லதுதான். ஆனா சுரண்டற உளி அது, குறுக்கு நார் வர்ற இடத்துல சொரசொரப்பா விட்டுடும், அப்புறம் உப்புத்தாளோட மல்லுக்கட்டணும். சீவற உளியைப் பழகறவங்க சந்தோஷம் வேற.

மரத்தைப் பிடிக்கறது

கட்டை பறந்து வர்றதுக்கு பெரும்பாலும் காரணம் டெனான்தான், அதாவது மரத்தைக் கவ்விப் பிடிக்கற சக்கோட தாடைக்குள்ள போற அந்தக் குட்டி வட்டக் கழுத்து. இதுல நாலு விஷயம் கவனிக்கணும்.

முதல்ல அளவு. தாடைங்க எந்த விட்டத்துல கிட்டத்தட்ட மூடியிருக்குமோ, நாலு துண்டுக்கும் நடுவுல ஒரு சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் இருக்கற நிலை, அங்கதான் அது முழு வட்டமா இருக்கும், மரத்தை சுத்தி முழுசா பிடிக்கும். ரொம்ப விரிச்சா எட்டு முனை மட்டும்தான் மரத்தைக் கடிக்கும், முழுப்பிடி கிடைக்காது, மரத்துல காயமும் விழும். கிண்ணத்தோட விட்டத்துல மூணுல ஒரு பங்காவது டெனான் இருக்கறது நல்லது. ரெண்டாவது, டெனானோட அடி சக்கோட தரையைத் தொடவே கூடாது. தாடையோட மேல் முகத்துல மரத்தோட தோள், அதாவது டெனானைச் சுத்தி இருக்கற தட்டைப் படி உக்காரணும், பலம் அங்கதான். டெனான் ரொம்ப நீளமா இருந்து அடில இடிச்சா தோள் உக்காராது, இறுக்கமா இருக்கற மாதிரி தெரியும், முதல் கனமான சீவல்ல ஆட்டம் காணும். மூணாவது, டெனானும் தோளும் சேர்ற மூலை. அங்க கொஞ்சம் நாரு மிச்சம் இருந்தாலும், மூலை உருண்டையா இருந்தாலும் தாடை முழுசா உள்ள போகாது, உளி முனையால அந்த மூலையை சுத்தமா வெட்டி எடுங்க. நாலாவது, உங்க தாடை சாய்வா இருந்தா டெனானும் அதே சாய்வு, நேரா இருந்தா நேரா.

ஒவ்வொரு தடவையும் அளந்துட்டு இருக்காம, ஒரு பிளைவுட் துண்டுல உங்க சக்குக்கு ஆகற சின்ன அளவு பெரிய அளவு ரெண்டையும் ரெண்டு வெட்டா வெட்டி வெச்சுக்கோங்க, பெரிய வெட்டு டெனான் மேல உக்காரணும், சின்னது உக்காரக் கூடாது, அவ்வளவுதான்.

இறுக்கும்போது ரெண்டு சாவித் துளையிலயும் மாத்தி மாத்தி இறுக்குங்க. கொஞ்ச நேரம் கடைஞ்சிட்டு லேத்தை நிறுத்தி மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்க, மரம் அமுங்கி தாடை லூசாகியிருக்கும், பச்சை மரத்துல இது நிச்சயம் நடக்கும். நடுவுல கழட்ட வேண்டி வந்தா, ஒண்ணாம் நம்பர் தாடைக்கு நேரா மரத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு கழட்டுங்க, திருப்பி மாட்டும்போது அதே இடத்துல வெச்சா ஆட்டம் ரொம்பக் குறைவா வரும்.

வெடிப்பு விட்ட இடத்துல, உளுத்த இடத்துல, பட்டையோட இருக்கற இடத்துல டெனான் வேண்டவே வேண்டாம். கட்டையோட நடுநெஞ்சு, அதாவது வளையங்களுக்கெல்லாம் மையமான இடம், டெனான்ல ஓடினா அதுவும் ஆபத்து, காயும்போது வெடிக்கறது அங்க இருந்துதான்.

டெயில்ஸ்டாக்கை எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் முட்டுக் குடுத்தே வைங்க. உள்ள குடையறதுக்கு இடைஞ்சலா இருந்தா, நடுவுல ஒரு கம்பு மாதிரி விட்டுட்டு சுத்தி முக்காவாசி குடைஞ்சிட்டு கடைசியா எடுங்க. ஸ்க்ரூ போட்டு கட்டையைப் பிடிக்கற இரும்புத் தட்டு, ஃபேஸ்பிளேட் போடறவங்க ஜிப்சம் போர்டுக்குப் போடற கறுப்பு ஸ்க்ரூவை மட்டும் போட்டுடாதீங்க, அது கடினமா இருக்கும் ஆனா பக்கவாட்டுல இழுத்தா பட்டுனு முறியும். நல்ல மர ஸ்க்ரூ, இல்லைன்னா தகரத்துக்குப் போடற தடிமனான ஸ்க்ரூ.

நீளக் கட்டையை ரெண்டு முனைக்கு நடுவுல மாட்டும்போது, கட்டையைக் குத்திப் பிடிச்சு சுத்த வைக்கற டிரைவ் சென்டரை லேத்துல வெச்சு சுத்தியால அடிக்காதீங்க, பேரிங் அடி வாங்கும். சென்டரைக் கழட்டி மேஜைல கட்டையை நிமித்தி வெச்சு, மரச் சுத்தியால அடிச்சு பதிய வெச்சுட்டு அப்புறம் மாட்டுங்க. சக்குக்கும் லேத் அச்சுத் தோளுக்கும் நடுவுல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் வாஷர் போட்டுட்டா சக் இறுகிப்போய் கழட்ட முடியாம தவிக்கற வேலையே இருக்காது.

வேகம்

கிண்ணம், தட்டுக்கு ஒரு கணக்கு ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு: விட்டம் இஞ்ச்ல எவ்வளவோ அதை ஆர்பிஎம்மோட பெருக்கினா 6,000-க்கும் 9,000-க்கும் நடுவுல வரணும். 10 இஞ்ச் கிண்ணம்னா 600-ல இருந்து 900. 12 இஞ்ச்னா 500-ல இருந்து 750. இது சமமா வட்டமா ஆன கட்டைக்கு. கோணல் மாணலா, ஒரு பக்கம் கனமா இருக்கற புதுக் கட்டைக்கு இதுக்கும் கீழ, லேத் எவ்வளவு மெதுவா சுத்துமோ அங்க ஆரம்பிச்சு, லேசா அதிர்ற வரைக்கும் ஏத்தி, அதுல இருந்து கொஞ்சம் இறக்கி வெச்சு கடையணும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, 10 இஞ்ச் கட்டை 1,000 ஆர்பிஎம்ல சுத்தினா அதோட விளிம்பு மணிக்கு கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர் வேகத்துல போகுது. 2,000-ல சுத்தினா வேகம் ரெண்டு மடங்கு, ஆனா உடைஞ்சு வந்தா அடி நாலு மடங்கு. நிறைய விபத்து எப்படி நடக்குதுன்னா, முந்தின நாள் மெல்லிசா ஒரு பேனா கடைஞ்சிட்டு 2,500-ல விட்டிருப்பாங்க, மறுநாள் பெரிய கட்டையை மாட்டி அப்படியே சுவிட்ச் போட்டுடுவாங்க. வேலை முடிஞ்சதும் டயலை அடிக்கு இறக்கிட்டுப் போற பழக்கம் வந்துடணும், பெல்ட் லேத்னா பெல்ட் எந்தக் கப்பி மேல இருக்குன்னு பாக்காம சுவிட்சைத் தொடக் கூடாது. சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி கையால ஒரு முழு சுத்து சுத்தி டூல் ரெஸ்ட்ல இடிக்குதா பாருங்க, சக் சாவி எடுத்தாச்சா பாருங்க, அப்புறம் மரத்துக்கு நேரா நிக்காம பக்கத்துல ஒதுங்கி நின்னு ஆன் பண்ணுங்க.

சீவும்போது

உளி முதல்ல தொட வேண்டியது டூல் ரெஸ்ட்டை, மரத்தை இல்ல. ரெஸ்ட்ல நல்லா ஊனி, அப்புறம் சாய்வு முகத்தோட குதிகால் மரத்துல உரசற மாதிரி வெச்சு, அதுக்கப்புறம் பிடியை மெதுவா தூக்கினா கூர் தானா இறங்கி சுருள் வர ஆரம்பிக்கும். உளி மாட்டி இழுக்கறது எப்பன்னா, சாய்வு முகத்தோட தாங்கல் இல்லாம கூர் மட்டும் மரத்தைத் தொடும்போது. ரெஸ்ட் தள்ளி இருந்தாலும் இதே கதிதான், மரத்துக்கும் ரெஸ்ட்டுக்கும் நடுவுல கால் இஞ்ச் போதும், கடையக் கடைய இடைவெளி கூடும், லேத்தை நிறுத்திட்டு கிட்ட நகர்த்துங்க, சுத்தும்போது நகர்த்தாதீங்க.

எந்தத் திசைல சீவறதுன்னு குழப்பம் நிறைய இருக்கு. நீளக் கட்டைல மேட்டுல இருந்து பள்ளத்துக்கு, பென்சில் சீவற மாதிரி நாரோட போகணும். பலகைல இருந்து வெட்டின கிண்ணத்துக்கு வெளிப்பக்கம் அடில இருந்து விளிம்புக்கு, உள்பக்கம் விளிம்புல இருந்து நடுவுக்கு. இதை மாத்திப் பண்ணா எவ்வளவு கூரா இருந்தாலும் பிய்யும். சரியாப் பண்ணாலும் கிண்ணத்துல எதிரெதிரா ரெண்டு இடத்துல மட்டும் சொரசொரன்னு இருக்கும், அங்க நார் குறுக்கா வருது. அங்க மட்டும் தண்ணி தொட்டோ, ஷெல்லாக்னு சொல்ற அரக்குப் பூச்சு பூசிக் காயவெச்சோ, புதுசா சாணை பிடிச்ச உளியால தூசி மாதிரி மெல்லிசா ஒரு சீவல் விட்டா படிஞ்சுடும்.

ரஃபிங் கௌஜ்னு அகலமா ஒரு உளி இருக்கே, அதை கிண்ணத்துல போடவே போடாதீங்க. அதோட தண்டு பிடிக்குள்ள போற இடத்துல தட்டையா ஒல்லியா இருக்கும், குறுக்கு நார்ல மாட்டினா அங்க முறியும். அது நீளக் கட்டையை உருட்டறதுக்கு மட்டும்.

கிண்ணம் குடையறதுக்கு முன்னாடி நடுவுல டிரில்லால ஒரு துளை போட்டுடுங்க. டிரில் பிட்ல டேப் சுத்தி ஆழத்தைக் குறிச்சு, அடி எவ்வளவு தடிமன் வேணுமோ அதை விட்டுட்டு நிறுத்துங்க, துளை முடியற இடம் வந்தா உங்க கிண்ணத்தோட அடி வந்தாச்சுன்னு அர்த்தம். அப்புறம் சுவரை மொத்தமா ஒரே ஓட்டத்துல மெல்லிசாக்கப் பாக்காதீங்க. விளிம்புல இருந்து 2-3 சென்டிமீட்டர் மட்டும் கடைசித் தடிமனுக்குக் கொண்டு வந்து, அதை முடிச்சிட்டு, அடுத்த 2-3 சென்டிமீட்டர். ஏன்னா நடுவுல மரம் இருக்கற வரைக்கும்தான் சுவர் விறைப்பா நிக்கும், நடுவைக் குடைஞ்சு எடுத்த அப்புறம் விளிம்பு நெளிய ஆரம்பிக்கும், உளி வெச்சா கிரீச்னு அலறும், சில சமயம் சிதறிடும். இறங்கி வந்த அப்புறம் மறுபடி மேல போய் விளிம்பைத் தொடறது, அந்த ஆசைதான் நல்ல கிண்ணங்களை உடைக்குது.

பச்சை மரம்

பச்சையா கிடைக்கற கட்டை சீவறதுக்கு அவ்வளவு இதமா இருக்கும், சுருள் நாடா மாதிரி வரும், தூளும் இல்ல. ஆனா காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, வளையத்தோட வாட்டத்துல சுருங்கறது நடுவுல இருந்து பட்டைக்குப் போற வாட்டத்தை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, நீளவாக்குல கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. அதனாலதான் வட்டம் முட்டை வடிவமாகுது, நடுநெஞ்சு வெச்ச கட்டை வெடிக்குது. கட்டையை அறுக்கும்போதே நடுநெஞ்சை வெட்டி எடுத்துடுங்க, வெட்டின முனைல உடனே மெழுகு பூசுங்க, மறுநாள்னு தள்ளாதீங்க.

கிண்ணத்தை முதல்ல தடிமனா கடைஞ்சு வைக்கணும், சுவர் விட்டத்துல பத்துல ஒரு பங்கு, 10 இஞ்ச்னா 1 இஞ்ச். டெனானும் கொஞ்சம் பெருசா விடுங்க, அதுவும் முட்டையாகும், திருப்பி வட்டமாக்க மரம் வேணும். வெளிப்பக்கம் மெழுகு பூசி, காகிதப் பைக்குள்ள போட்டு காத்து வேகமா அடிக்காத இடத்துல வைங்க. தராசுல எடை போட்டு தேதியோட அடில எழுதிடுங்க, சில வாரத்துக்கு ஒரு தடவை எடை பாருங்க, குறையறது நின்னுட்டா காஞ்சிடுச்சு.

தேய்க்கறது

வேகத்தைப் பாதியாக்குங்க. வேகமா சுத்தினா சீக்கிரம் தேயாது, சூடுதான் ஏறும், கடின மரத்துல அந்த சூட்டுல மயிரிழை வெடிப்பு விழும், அது எண்ணெய் பூசின அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். விரலுக்கு சுடுதுன்னா மரத்துக்கும் சுடுது. உப்புத்தாளை மரத்தோட கீழ்ப்பாதில பிடிங்க, அங்க மரம் உங்களை விட்டு விலகிப் போற திசைல சுத்துது, மாட்டினா தாள் கையை விட்டுப் போயிடும், விரல் உள்ள இழுபடாது.

உப்புத்தாள் நம்பர் 120, 180, 240, 320, 400, நடுவுல எதையும் தாவாதீங்க. ஒவ்வொரு தாளும் முந்தின தாளோட கோட்டை அழிக்கத்தான். 120 விட்ட கோட்டை 320 அழிக்காது, பளபளப்பாக்கி இன்னும் எடுப்பாதான் காட்டும். ஒவ்வொரு தாளுக்கு அப்புறமும் லேத்தை நிறுத்தி, தூளைத் துடைச்சு, பக்க லைட்டுல பாத்து, அதே தாளால நார் வாட்டத்துல கையால நாலு தேய் தேச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க. பிய்ஞ்ச இடம் 120-ல போகலைன்னா 80-க்கு இறங்கறதுல தப்பில்ல, ஆனா அதுக்கு முன்னாடி உளியை சாணை பிடிச்சு ஒரு சீவல் விட்டுப் பாருங்க, பெரும்பாலும் அதுவே தீர்த்துடும்.

சின்ன வெடிப்புக்கு தண்ணி மாதிரி இருக்கற சூப்பர் க்ளூவும் அதே மரத்தோட தூளும் போதும். சுத்தி முதல்ல ஷெல்லாக் தடவிட்டு விடுங்க, இல்லைன்னா க்ளூ ஊறி கறை நிக்கும். பஞ்சு, பருத்தித் துணி மேல அதை ஊத்திடாதீங்க, சட்டுனு சூடேறி புகையும்.

அடிப்பாகமும் எண்ணெயும்

டெனானை எடுக்கறதுக்கு கிண்ணத்தைக் கவுத்து வைக்கணும். சக்குல ஒரு வட்டக் கட்டையை மாட்டி, அது மேல மெத்துனு ஒரு ரப்பர் ஷீட் போட்டு, கிண்ணத்தோட உள்பக்கத்தை அதுல உக்கார வெச்சு, டெனான்ல ஏற்கனவே இருக்கற நடுப்புள்ளில டெயில்ஸ்டாக்கை முட்டி இறுக்கினா போதும். அடியை நடுவுக்குப் போகப் போக லேசா குழிவா கடைங்க, அப்பதான் மேஜைல ஆடாம உக்காரும். கடைசியா நடுவுல விரல் தடிமனுக்கு ஒரு மூட்டு நிக்கும், அதை லேத்துல எடுக்கப் பாக்காதீங்க, கழட்டி சின்ன ரம்பத்தால அறுத்து கையால தேச்சிடுங்க.

எண்ணெய் பூசறதுக்கு லேத் சுத்தும்போது துணி கூடவே கூடாது, பேப்பர் டவல் மட்டும். மாட்டினா பேப்பர் கிழியும், துணி விரலோட சேர்த்து சுத்திக்கும். சாப்பிடற கிண்ணத்துக்கு மினரல் ஆயில் இல்லைன்னா சுத்தமான டங் ஆயில் போடலாம். மினரல் ஆயில் உறையாது, அப்பப்ப திருப்பி பூசணும். டங் ஆயில் காத்தோட சேர்ந்து உறையும், நாள் ஆகும், ஆனா நின்னு பேசும்.

உறையற எண்ணெய் எதுவா இருந்தாலும், முக்கியமா ஆளி விதை எண்ணெய், துடைச்ச பேப்பரையும் துணியையும் கசக்கி குப்பைல போடாதீங்க. உறையும்போது அது சூட்டை வெளிய விடும், கசங்கின துணிக்குள்ள சூடு சேர்ந்து யாரும் பத்தவைக்காமலே தீப்பிடிக்கும், அதுவும் மரத்தூள் இருக்கற பட்டறைல. வெளிய தட்டையா விரிச்சு முழுசா காயவிட்டு அப்புறம் போடுங்க, இல்லைன்னா தண்ணி ஊத்தின தகர டப்பால போட்டு மூடி வைங்க. கிரைண்டரையும் இதே காரணத்துக்காக மரச்சுருள் குவியற இடத்துல இருந்து தள்ளியே வைங்க, தூள் உறிஞ்சற மெஷினோட குழாயை அது பக்கத்துல கொண்டு போகாதீங்க, ஒரு பொறி உள்ள போனா பை பூரா மெதுவா கனிஞ்சு, நீங்க கதவைப் பூட்டிட்டுப் போன அப்புறம்தான் எரிய ஆரம்பிக்கும்.